ஐந்தைத் தின்ற புழு

விளக்கடியில் சனியின் பக்கம்
விரிந்து கிடக்கிறது.
மூன்றுக்கு மூன்று கட்டம்.
நான்கு, ஒன்பது, இரண்டு.
மூன்று, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஏழு.
எட்டு, ஒன்று, ஆறு.
ஒன்றுமில்லாத இடத்தில்
கடுகு நுழையும் அளவுக்குத் துளை.

துளைகளை அடைப்பதுதான் எனக்குச் சம்பளம்.
பாதுவா நூலகத்தின் மூன்றாம் தளத்தில்
பதினோரு ஆண்டாக
மல்பெரித் தாளைக் கையால் கிழித்து
கோதுமைப் பசையில் ஒட்டுகிறேன்.
இந்த ஒன்றை மட்டும்
செவ்வாயிலிருந்து தள்ளிப்போடுகிறேன்.

எழுதியவன் ஐந்து என்றுதான் எழுதியிருப்பான்.
எப்படிக் கூட்டினாலும் பதினைந்து.
ஈயத் தகட்டில், சனி ஓரையில் கீறு;
பிள்ளைப்பேறு எளிதாகும்,
பகைவன் வாசலில் புதைத்தால் குடி கெடும்.
இரண்டுக்கும் ஒரே தகடு போதும் என்று
ஓரத்தில் குறித்திருக்கிறான், சிக்கனக்காரன்.

பிறகு ஒரு கோடையில் புழு வந்தது.
அதற்கு லத்தீன் தெரியாது.
முன்னட்டையில் நுழைந்து
வெள்ளியைக் கடந்து
வியாழனின் தாடியில் ஒரு வாய் கடித்து
சனியின் நடுவே ஐந்தைத் தின்று
பின்னட்டை வழியாக
வண்டாகிப் பறந்துபோனது.
பசி. வேறு காரணமில்லை.

பெல்ட்ராமோ என்று ஒருவன் நகலெடுத்தான்.
மதுக்கடைப் பாக்கியை அதே நகலின் கடைசித் தாளில்
பிசகில்லாமல் கூட்டி வைத்திருக்கிறான்.
காணாமல் போனது ஐந்து என்று
அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?
ஆனால் மந்திர ஏட்டில்
இல்லாததை எழுத எவனுக்குக் கை வரும்!
துளை இருந்த இடத்தில்
மையைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தான்.

அச்சுக்கு மரம் செதுக்கியவன்
புள்ளியை வட்டமாக்கினான்.
புள்ளி உளிக்கு அடங்கவில்லையோ என்னவோ.

லண்டனில், தொப்பிக் கடை மாடியில்,
நிலக்கரிப் புகை கவிந்த ஒரு குளிர்காலம்.
சுங்கக் குமாஸ்தா எட்வின் பர்ஸ்லோ
வட்டத்தின் வழியே கூட்டிப் பார்த்தார்.
ஒன்பதும் ஒன்றும் பத்து.
மூன்றும் ஏழும் பத்து.
மூலைக்கு மூலை பத்து, பத்து.
‘விளிம்பில் பதினைந்து, நெஞ்சில் பத்து.
இது பிழையாக இருக்க முடியாது’
என்று குறிப்பேட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டார்.
அன்றிரவு எட்டுப் பேர்
சுண்ணக்கட்டியில் வரைந்த எட்டுக் கட்டங்களில் நின்றார்கள்:
ஒரு பல் மருத்துவர், விதவைச் சகோதரிகள் இருவர்,
மற்றவர்கள் மழைக்கோட்டோடு.
நடுவே யாரும் நிற்கக் கூடாது என்பது விதி.
அந்த மாதம்தான் குழந்தையைப் புதைத்திருந்த
திருமதி பர்ஸ்லோ
தன் கட்டத்தை விட்டு நடந்து போய்
வட்டத்துக்குள் அமர்ந்தாள்.
‘இங்கே இடம் இருக்கிறது’ என்றாளாம்.
குறிப்பேடு அந்த வரியோடு நிற்கிறது.

போன மாதம் ரோட்டர்டாமிலிருந்து யோரின்டா வந்தாள்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
சட்டைக் கையைச் சுருட்டினாள்.
மணிக்கட்டில் ஒன்பது கட்டம், பச்சைக் குத்து,
நடுவில் வட்டம்.
இந்தப் பக்கத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.
‘புழு’ என்றேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
வாசிப்பறைக் காவலர் எட்டிப் பார்க்கும்வரை
சிரித்தாள்.
பிறகு வட்டத்தைத் தடவிக்கொண்டு சொன்னாள்:
‘ஊசி இங்கேதான் அதிகம் வலித்தது.
இதைத் தொட்டுக்கொண்டுதான்
அறுபது மீட்டர் உயரம் ஏறுகிறேன்.’

எங்கள் தொழிலிலும் விதி உண்டு.
துளையை அடைக்கலாம், எண்ணை எழுதக் கூடாது.
அடைத்தாலும் அங்கே
வெளிறிய ஒரு வட்டம்தான் மிஞ்சும்.
நாளைக்கு யாரேனும் குனிந்து பார்த்து
நான் நினைக்காத ஒன்றை அதில் கூட்டிக்கொள்வார்கள்.

இன்று மாலை ஒட்டிவிட்டேன்.
மூச்சு பட்டாலே பறக்கும் துண்டு.
பசை காயும்வரை அசையாமலிருக்க
வழக்கம்போல் ஈயக் கட்டியை அதன்மேல் வைத்து
கை கழுவப் போகையில்தான்
நாட்காட்டியைப் பார்த்தேன்.

சனிக்கிழமை.